ஹான்சுவின் சுண்டுவிரல்

"படுத்திருக்கிறது நீங்கதானே சார்?" அருங்காட்சியகத்து யேரிம் கேட்டாள்.

சொக்யூ அண்ணாந்து பார்த்தான். சுவர் நிறைய அந்தத் துணி ஓவியம். எண்பத்தேழு மாணவர் போராட்டத்தில் போலீஸ் அடித்துச் செத்த ஹான்சு அதில் கிடந்தான். முகத்தை மாணவர் அட்டைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார்கள். உடம்புக்குப் படம் இல்லை. அறைத்தோழன் சொக்யூவை இரண்டு நாள் தரையில் படுக்கவைத்து வரைந்தார்கள். சொக்யூவுக்கு வலது சுண்டுவிரல் பிறவிக் கோணல். வரைந்தவன் அதையும் விடவில்லை.

ஹான்சுவின் பிணத்தை அவன் அம்மாவுக்குக் காட்டாமலே போலீஸ் எரித்துவிட்டது. வருஷா வருஷம் நினைவு நாளில் அவள் ஓவியத்தில் அந்த விரலைத் தடவுவாள். "விரலைக்கூட ஒடிச்சிருக்கானுங்க, பாவிங்க."

"ஆமான்னா உங்க பேரையும் ஓவியத்துப் பக்கத்துப் பலகையில போடுவோம்," என்றாள் யேரிம். " இன்னிக்கே அச்சுக்குப் போகுது."

படிப்பை விட்டபின் அவன் பார்சல் வண்டிதான் ஓட்டினான். அவன் பேர் எதிலும் அச்சானதில்லை.

பக்கத்து அறை ஓவியத்தில் எழுபதுகளின் தையல் ஆலைப் பெண்கள், ஒருத்தி விடாமல் சிரித்தபடி. எதிரே போன வருஷத்து ஓவியம்: வாடகை அறையில் கைபேசியும் கையுமாக ஒருவன்.

"இவனும் படுத்துத்தான் கிடக்கான்," என்றான் சொக்யூ.

"அதுக்குப் படுத்துக் காட்டினது நான்தான் சார். வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி," யேரிம் சிரித்தாள். "சொல்லுங்க, நீங்கதானே?"

"நான் இல்ல. யாருன்னும் தெரியாது."

அவள் குறித்துக்கொண்டாள்.

அதற்குள் ஹான்சுவின் அம்மா தடியூன்றி வந்து சேர்ந்தாள். எண்பத்தெட்டு வயது. ஓவியத்துக்கு முன் இப்போது கயிறு கட்டியிருந்தது. கையை நீட்டினாள், எட்டவில்லை. திரும்பிச் சொக்யூவைப் பார்த்தாள்.

"பெரியவங்க முன்னாடி கால்சட்டைப் பையில கைய விட்டுட்டு நிக்கறான் பாரு. தலை நரைச்சும் மரியாதை வரல."

"வராதும்மா."

முப்பத்தேழு வருஷமாக அவளிடம் அந்த வசவு வாங்குகிறான்.

"வா, சாப்பிடலாம். மாட்டேன்னு இந்தத் தடவையும் ஓடாத. எத்தனை தடவை இன்னும் வரப்போறேன்?"

எதிர்க் கடையில் குளிர்ந்த நூடுல்ஸ் வந்தது. சொக்யூ சாப்பிடும் குச்சிகளை இடது கையில் எடுத்தான். நூடுல்ஸ் வழுக்கி வழுக்கிக் கிண்ணத்திலேயே விழுந்தது.

"அந்தக் கைக்கு என்ன? அடிபட்டுச்சா?"

"ஆமாம்மா."

"இந்த வயசுல பார்சல் தூக்கினா வேற என்ன ஆகும்."

நூடுல்ஸ் வெட்டவென்று மேசையில் வைத்திருந்த கத்தரிக்கோலை அவள் எடுத்து, அவன் கிண்ணத்து நூடுல்ஸைச் சிறிசு சிறிசாக வெட்டிவிட்டாள். கரண்டியை அவன் இடது கைப் பக்கம் தள்ளினாள்.

அவன் சாப்பிட்டான். வலது கை பைக்குள் மரத்துப்போயிருந்தது.