வன்னியராஜ் அண்ணாச்சி கேட்ட வரம்

கப்பலிலிருந்து மணிராஜ் ஊர் வந்து சேர்ந்த அன்று அவன் பெண்டாட்டி இசக்கிச்செல்வி அழுது தீர்த்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அழவேண்டிய இடம் என்று தெரிந்தது, அழுகைதான் வரவில்லை. சோறு போட்டால் தின்றான். படுக்கச் சொன்னால் படுத்தான். கப்பல் சம்பாத்தியம் தந்த கொழுப்பு என்றார்கள் ஊரில். ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும்.

சம்பாத்தியம் எங்கே இருந்தது? வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலை அதன் முதலாளி கைகழுவிவிட்டான். முதலில் சம்பளம் நின்றது. அப்புறம் டீசல் நின்றது. டீசலோடு விளக்கும் செல்போனும் அணைந்தன. கடைசியில் அரிசியும் உப்பும்தான் மிச்சம். ஆளில்லாமல் கப்பலை விடக்கூடாது என்று துறைமுகத்தார் கரையில் இறங்கவும் விடவில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையே இருக்கிறது. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டாலோ, சோறு தண்ணீர் வராவிட்டாலோ அது கைவிடப்பட்ட கப்பல். இன்சூரன்ஸ் கம்பெனி தன் செலவில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் கைவிட்டார்கள் என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. அந்த வாய்க்குத்தான் வள்ளியூர் வன்னியராஜ் அண்ணாச்சி பூட்டுப் போட்டிருந்தார்.

இந்தப் பக்கத்துப் பையன்களைக் கப்பலுக்கு ஏற்றிவிடும் ஏஜென்ட் அவர். விசாரித்த அதிகாரிகளுக்கெல்லாம் கப்பலில் ஒரு குறையும் இல்லை என்றே பதில் போட்டார். மணிராஜுக்கு மஞ்சள் காமாலை கண்டு, செத்துத் தொலைத்தால் வம்பு என்று தோன்றியதும் அவனை மட்டும் பிளேன் ஏற்றினார். ஏறுமுன் போனில் ஒரு வார்த்தையும் வாங்கிக்கொண்டார். ஊரில் வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த கப்பல் உண்டு, திறந்தால் ஆயுசுக்கும் கப்பல் கிடையாது. மணிராஜ் சரி என்றான். உவரி கிளமென்ட்டும் இன்னும் மூன்று பேரும் அங்கேயே கிடந்தார்கள்.

கிளமென்ட்டின் மனைவி ஆன்லின், தூத்துக்குடி மாலுமிகள் சங்கத்துக் கிங்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு மணிராஜின் வீட்டுக்கு வந்தாள். கிங்ஸ்டன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தக் கப்பலிலிருந்து கரையேறியவன் மணிராஜ் ஒருத்தன்தான். அவன் கண்டதைச் சாட்சியாகச் சொன்னால் போதும், நாலு பேரையும் இறக்கிவிடலாம். ஆன்லின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்போம் என்றான் மணிராஜ். காமாலையில் கிடந்த நாளெல்லாம் கஞ்சி வைத்து ஊட்டிவிட்டவன் கிளமென்ட். அதை நினைத்துப் பார்த்தான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்த மாதிரி இருந்தது.

இதற்கிடையில் தசரா வந்தது. புருஷன் உயிரோடு வந்தால் குலசை முத்தாரம்மனுக்குக் காளி வேடம் கட்டுவான் என்று இசக்கிச்செல்வி நேர்ந்திருந்தாள். மணிராஜ் மறுக்கவில்லை. மறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மாலை போட்டான், ஒரு வேளை மட்டும் தானே பொங்கித் தின்றான், நாள் வந்ததும் முகத்தில் சாயம் பூசிக் கிரீடம் வைத்துக்கொண்டு, தகர நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு குழுவோடு ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கக் கிளம்பினான். காளி வேடம் கட்டியவனை அம்மனாகவே பார்ப்பார்கள். உள்ளே இருப்பது யார் பிள்ளை என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். குறி கேட்பார்கள், குறையைச் சொல்வார்கள், திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள். மேளம் அடித்தால் குழுவில் மற்றவர்களுக்குச் சாமி வந்தது. மணிராஜுக்கு வேர்வைதான் வந்தது.

வள்ளியூர் கடைத்தெருவில் குழு நுழைந்ததும் அண்ணாச்சி ஆபீசிலிருந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பக்தியில் குறை சொல்ல முடியாத மனுஷன். நடுரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். கைகூப்பியபடி காளியின் காதருகே வந்தார்.

"தாயே, கப்பலை மொதலாளி விலை பேசிட்டாரு. கைமாறுத வரைக்கும் அந்த நாலு பயலுவளும் அங்கனயே கெடக்கணும், விஷயம் வெளிய வந்தா என் கமிஷன் எல்லாம் போச்சு. ஊருக்கு வந்த பய ஒருத்தன் இருக்கான், மணிராஜுன்னு. அவன் வாயை நீதாம்மா கட்டணும்."

கை தானாகப் போய் அண்ணாச்சி நெற்றியில் திருநீறு பூசியது. காலையிலிருந்து எத்தனையோ நெற்றியில் பூசிய கை. கோபம் வரும் என்று மணிராஜ் காத்து நின்றான். கோபமும் வரவில்லை, அம்மனும் வரவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. இந்த ஆள் ரோட்டில் விழுந்து புரண்டு சாமியிடம் கேட்கிற வரத்தை, கேட்காமலேயே இத்தனை நாளும் கொடுத்துக்கொண்டிருந்தது தான்தான்.

பல்லில் கடித்திருந்த சிவப்புத் தகர நாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் மணிராஜ்."

அண்ணாச்சி கும்பிட்ட கையை இறக்கவில்லை. இறக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. சாமி இருக்கிற உடம்பல்லவா. குரலைத் தாழ்த்தி நியாயம் பேச ஆரம்பித்தார். அம்மனிடம் சொன்னது அம்மனோடு போய்விட வேண்டும், அதுதானே முறை, விரதக்காரன் முறை தவறலாமா என்றார்.

"அம்மன் கேட்டாளோ என்னமோ தெரியல, அண்ணாச்சி. நான் கேட்டுட்டேன்லா."

திருநீறுக்கு வரிசையில் நின்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, மேளக்காரரிடம் செல்போன் வாங்கிக் கிங்ஸ்டனைக் கூப்பிட்டான். எழுதிக்கிடுங்க அண்ணே என்றான். கிளமென்ட் பெயரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனான். அண்ணாச்சி கும்பிட்ட கையோடு கேட்டுக்கொண்டு நின்றார்.