கட்டு அவிழ்ந்த கால்

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தவள் தேயிலைக் கொழுந்து பறிக்கக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே பறித்தேன். அட்டை கடித்தால் புண் ஆறாது என்று பயந்து, சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டி, காலுறைக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொள்வேன். எங்கள் மலையில் பாதிப் பேர் அப்படித்தான். சாயங்காலம் அவிழ்த்தால் சதையில் பள்ளம் விழுந்திருக்கும். ஒரு அட்டையும் ஏறவில்லை என்று பெருமை வேறு.

வலது கால் சின்ன விரல் மரத்து நிறம் மாறிய பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நர்ஸாக இருக்கும் ஜீவராணி மிஸ்ஸி ஒவ்வொரு நகமாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். மற்ற விரல்களில் வெளுப்பு போய் உடனே சிவப்பு வந்தது. சின்ன விரலில் வரவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“அக்கா, ரத்தம் கடைசியாப் போற மயிர்க்குழாய் தலைமுடிய விட மெலிசு. ரத்த அணு ஒவ்வொண்ணாத்தான் நுழையும், மெதுவாத்தான் போகும். அந்த மெல்லிசு சுவர் வழியாத்தான் சதைக்கு வேண்டியதக் குடுத்துட்டு, கழிவ வாங்கிக்கிட்டு வரும். சீனி ஏற்கனவே அந்தச் சுவரக் கெடுத்திருக்கு. நீங்க மேல நெரிச்சு வேற கட்டிட்டீங்க.”

எனக்கு விளங்கியது. இரண்டு வரிசைச் செடிக்கு நடுவே ஒரு ஆள்தான் நுழைய முடியும். மெதுவாகப் போனால்தான் கொழுந்து கைக்கு வரும்.

“விரலு போயிருமா மிஸ்ஸி?”

“கட்டாதீங்க. அடுத்த கிளினிக் நாள்லயும் இப்படியே இருந்தா எடுக்கத்தான் வேணும்.”

விரல் போனால் சரிவில் கால் நிற்காது. கால் நிற்காதவளுக்கு மலையில் என்ன வேலை?

டியூப்பை அடுப்பில் போட்டேன். மழை விடவில்லை, உடம்பும் ஓய்ந்துபோனது. வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் நகத்தை அழுத்திப் பார்ப்பார். “இன்னும் வெள்ளயாத்தான் இருக்கு” என்பார். பிறகு அழுத்திப் பார்த்ததும் எழுந்து போகத் தொடங்கினார்.

கிளினிக் நாளுக்கு முந்திய நாள், கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். சின்ன விரலில் ஒரு அட்டை, குடித்துக் கொழுத்துத் தொங்கியது. பிடுங்கினேன். ரத்தம் நிற்காமல் வழிந்தது.

பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஷாமிலா பதறினாள். “அய்யோ, உப்பு வச்சிருக்கேன். கடிவாயில போடுங்க அக்கா, ரத்தம் நிக்கும்.”

“இருடி. கொஞ்சம் ஓடட்டும்.”

பிறந்ததிலிருந்து அட்டையைத் திட்டாத நாளில்லை. அன்று திட்ட வாய் வரவில்லை. குடிப்பதற்கு அந்த விரலில் அதற்கு ரத்தம் கிடைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.