திரும்பி வரவேண்டிய முட்டை

1943. வாஷிங்டனில், கடன்-குத்தகை அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை இருந்தது. அந்த மேசை இருந்ததால்தான் ராணுவம் என்னைக் கூப்பிடாமல் இருந்தது. நேச நாடுகளுக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு படிவம் உண்டு. போர் முடிந்ததும் அது திரும்பி வரவேண்டுமா, வேண்டாமா என்று முத்திரை குத்துவதே என் தேசத்தொண்டு. டாங்கிக்குத் ‘திருப்புக’. தோட்டாவுக்கு ‘வேண்டாம்’.

ஒரு வியாழக்கிழமை, நல்ல பசி நேரத்தில், ஒரு கப்பல் முட்டைப் பொடிக்குத் ‘திருப்புக’ என்று குத்திவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து பிரிட்டிஷ் கொள்முதல் குழுவிலிருந்து திசில்வுட் வந்தார். குடையைப் போலவே மடிப்புக் கலையாத மனிதர்.

“தம்பி, முட்டையை எந்த நிலைமையில திருப்பித் தரணும்னு லண்டன்ல கேக்கறாங்க.”

என் மேலதிகாரி ஹாஸ்கின்ஸ் படிவத்தைப் பிடுங்கிப் படித்தார். “அடப்பாவி ஆர்வில்! நாளைக்கு செனட் கமிட்டி இந்தக் கோப்பைத்தான் கேட்டிருக்கு. இப்படியே போச்சுன்னா திங்கக்கிழமை நீ துப்பாக்கியும் கையுமா நிப்பே.”

“அடிச்சுத் திருத்திடலாமே சார்?”

“ரெண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்ட காகிதம்டா. உங்க வீட்டு மளிகைச் சீட்டா?”

ஒப்பந்தத்தைப் புரட்டினேன். போரில் அழிந்த பொருளைத் திருப்ப வேண்டாம் என்று ஒரு மூலையில் இருந்தது.

“அழிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார்,” என்று திசில்வுட்டிடம் கெஞ்சினேன்.

“குண்டு ஒண்ணும் விழலையே. நான் பொய் எழுத மாட்டேன்.”

“சாப்பிட்டாங்கல்ல? இப்ப முட்டை இருக்கா?”

“இல்லை.”

“அப்ப அழிஞ்சதுதானே?”

திசில்வுட் குடையை மேசையோரம் சாய்த்து வைத்தார். பிறகு மணி மணியாக எழுதினார்: ‘மேற்படி சரக்கு, காலை உணவின்போது மாட்சிமை தங்கிய மன்னரின் படைகளால் முற்றிலும் அழிக்கப்பட்டது.’

ஹாஸ்கின்ஸ் முத்திரையை ஓங்கினார்.

“ஒரு நிமிஷம்.” திசில்வுட் ‘முற்றிலும்’ என்பதை அடித்தார். பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து என் மேசையில் அடுக்கினார். “இது மட்டும் மிச்சம். பசங்க தொட மாட்டேன்னுட்டாங்க.”

“போர் முடியாம திருப்பி வாங்கிக்க விதியில்லையே!” என்ற ஹாஸ்கின்ஸ், உணவகத்திலிருந்து ஒரு கரண்டியோடு திரும்பினார். “அழிச்சுடு ஆர்வில்.”

சாட்சிக் கையெழுத்துக்காகத் திசில்வுட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது டப்பாவின் பாதியில், ராணுவத்தில் காலையில் என்ன போடுவார்கள் என்று கேட்டேன்.

“முட்டைப் பொடி,” என்றார்கள் இருவரும்.

மூன்றாவது டப்பாவைத் திறந்தேன்.