சத்தம் போடாத வண்டி

ஈஸ்வரனின் ஜீப் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. மேலே ரிசார்ட்டில் ஆட்களை இறக்கிவிட்டு எஸ்டேட் ரோட்டில் அது இறங்கத் தொடங்கினாலே பள்ளிவாசல் எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் கேட்கும். பாறை வளைவுக்கு வந்ததும் இரண்டாவது கியருக்கு மாறி நீளமாக ஒரு முனகல் விடும். அந்த முனகல் கேட்டதும் முருகேஸ்வரி காப்பித் தண்ணியை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிக்கவும் அவள் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருக்கும்.

அந்த ஜீப் இனி டெஸ்ட்டில் தேறாது என்று ஆகிவிட்டது. ரிசார்ட்டிலும் இந்த சீசன் முதல் புகை விடாத வண்டிகளுக்குத்தான் ஓட்டம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டு அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவர்களுடைய ஒரே மகள் செல்வலட்சுமி. ஆக, கரண்டு வண்டி வாங்குவதில் பேச்சுக்கு இடமில்லை. சின்ன ஹேட்ச்பேக்கா, நீளமான செடானா என்பதில்தான் ஒரு வாரமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

"சின்ன வண்டி டிக்கியில ரெண்டு பொட்டி வச்சா மூடாதுப்பா. வர்றவுக குடும்பத்தோட வர்றாக. பெரிய வண்டின்னா தெனமும் ஓட்டம்னு மேனேஜர் வாயாலயே சொல்லிட்டாரு" என்றாள் செல்வலட்சுமி.

"இந்த ரோட்டுக்குச் சின்னதுதான் தோது" என்பான் ஈஸ்வரன். அதற்கு மேல் அவனுக்குப் பேச வராது. ஒரு நாள் முழுக்கக் கூட இருந்தாலும் அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை பிடுங்குவது கஷ்டம். பேச வேண்டியதையெல்லாம் ஜீப்பே பேசிவிடும் என்று விட்டுவிட்டானோ என்னவோ.

முருகேஸ்வரியைக் கேட்டார்கள்.

"ரெண்டும் வேணாம்" என்றாள்.

அப்பனும் மகளும் சிரித்தார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற சிரிப்பு அது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவள் தம்பி கருத்தப்பாண்டி பைக்கில் வந்துதான் செத்தான். இந்த மலையில் இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வருவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். பெட்ரோல் மிச்சம், காதுக்கும் சுகம். அவனும் அப்படித்தான் காற்று மாதிரி இறங்கி வந்தான். பாறை வளைவில் பனிக்குள் ஆனை நின்றிருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டிருந்தால் அது ஒதுங்கிப் போயிருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் அது மிரண்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஈஸ்வரன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பான். மச்சினன் பெயரை மட்டும் சொல்ல மாட்டான்.

இப்போது இஞ்சினே இல்லாத வண்டி வரப்போகிறது. சின்னதென்ன, பெரியதென்ன, இரண்டும் எந்நேரமும் அணைத்துவிட்ட வண்டிதானே? முருகேஸ்வரி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. அடிமாலி ஷோரூமிலிருந்து ஜின்சன் என்ற இளைஞன் காலையில் சின்ன வண்டியைக் கொண்டுவந்தான். ஈஸ்வரன் அதை லயத்து வாசலிலேயே ஒரே ஒடிப்பில் திருப்பிக் காட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். மத்தியானத்துக்கு மேல் ஜின்சன் அதை ஷோரூமில் விட்டுவிட்டு நீள வண்டியோடு வந்தான். அதில் ஏறி உட்கார்ந்ததும் ஈஸ்வரன் முகமே மாறிவிட்டது. சீட்டைத் தடவினான். ஸ்டியரிங்கைத் தடவினான். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவன் இப்படிப் பல்லைக் காட்டவில்லை என்று முருகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

ரிசார்ட்டுக்கு ஓட்டிப்போய் மேனேஜரிடம் காட்டிவிட்டு வரலாம் என்றாள் செல்வலட்சுமி. முன்னால் ஈஸ்வரனும் ஜின்சனும், பின்னால் தாயும் மகளும். ஏறும்போது வெயில் இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது.

"சவுண்ட் எதாவது கேக்குதா சேச்சி? ஒண்ணுமே இல்லல்லோ!" ஜின்சன் பின்னால் திரும்பிப் பெருமையாகக் கேட்டான். "பதுக்க, மெதுவாப் போனா சின்னதா ஒரு மூளல் மட்டும் வரும். அதும் நடந்துபோற ஆளுக்குக் கேக்க வேண்டிட்டு."

அந்த மூளலை முருகேஸ்வரி கேட்டாள். காதோரம் கொசு பறந்த அளவுகூட இல்லை.

மேனேஜர் பானட்டைத் தட்டிப் பார்த்து, இதையே எடுத்துவிடுங்கள் என்றார். திரும்பி இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பனி இறங்கி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. தேயிலைக்காடு இரண்டு பக்கமும் காணாமல் போனது. முருகேஸ்வரியின் நெஞ்சு அடிப்பது அவள் காதுக்கே கேட்டது. வண்டிக்குள் கேட்பதற்கு வேறு சத்தமும் இல்லை.

"ஏங்க, கண்ணாடிய எறக்குங்க. ஹாரனாவது அடிங்க. வளைவு வருது" என்றாள்.

"பனி உள்ள வரும் புள்ள" என்றான் ஈஸ்வரன். வண்டி வளைவில் திரும்பியது.

திரும்பியதும் ரோடு இல்லை. ரோடு இருக்க வேண்டிய இடத்தில் ஆனையின் முதுகு நின்றது.

அது புல்லைப் பிடுங்கி முன்னங்காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. இடது காது நடுவில் கிழிந்து தொங்கியது. லயத்தில் எல்லாரும் கிழிகாதன் என்று சொல்கிற ஒற்றை ஆனை. ஒரு வண்டி வந்து நின்றது அதற்குத் தெரியவே இல்லை. செல்வலட்சுமி அம்மாவின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

ஜீப்காரர்களுக்கு ஆனையைப் பார்த்ததும் செய்வதற்கு ஒரு வேலை உண்டு. ஹாரன் அடிக்க மாட்டார்கள், அது கோபத்தைக் கிளப்பும். கிளச்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுப்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்று உறுமும். ஆனை காதை ஆட்டிவிட்டு ஒதுங்கும். ஈஸ்வரன் இதை எத்தனையோ தடவை செய்தவன். மூளைக்கு எட்டும் முன்னே காலுக்கு எட்டிவிடும். இப்போதும் அவனுடைய இடது கால் கிளச்சைத் தேடிப்போய் வெறும் தரையை மிதித்தது. வலது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

வண்டி உறுமவில்லை. பாய்ந்தது.

"சேட்டா!" என்று ஜின்சன் அலறினான். ஈஸ்வரன் பிரேக்கில் ஏறி நின்றான். ஆனையின் வாலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தால் அதிகம். கிழிகாதன் திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை.

ஈஸ்வரனின் கை கியர்க் கம்பியைத் தேடித் துழாவியது. கம்பி எங்கே இருக்கிறது? ஜின்சன்தான் ஒரு குமிழைத் திருப்பி, "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று கெஞ்சினான். வண்டி பின்னால் ஏறியது. பின்பக்கம் காட்டும் திரையில் வெள்ளைப் பனி மட்டும் தெரிந்தது. அந்த வளைவுக்கு வண்டியின் நீளம் ஒத்துவரவில்லை. பின்பக்கம் பாறையில் உரசி, ஒரு சக்கரம் ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஈஸ்வரன் அழுத்த அழுத்தச் சக்கரம் சேற்றில் சுற்றியது. காலையில் வந்த சின்ன வண்டியாக இருந்தால் இந்நேரம் திரும்பி மேலே ஏறியிருக்கும். இப்போது அதை நினைத்து என்ன பிரயோஜனம்?

ஆனை நடந்து வந்தது. ஓடி வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தும்பிக்கை பானட்டின் மேல் ஊர்ந்து மோந்து பார்த்தது. இப்படி ஒரு வாசனையை அது கண்டதில்லை போலும். நெற்றியை வைத்து அழுத்தியது. தகரம் முனகிக்கொண்டு உள்ளே போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கக் கண்ணாடி டப்பென்று தெறித்துப் போனது.

இதே இடம், இதே பனி. தன் தம்பியின் கண்ணில் கடைசியாகப் பட்டது இதுதான் என்று முருகேஸ்வரிக்குப் புரிந்தது. யார் வருகிறார்கள் என்று அவன் சொல்லாமல் வந்துவிட்டான். நாமும் சொல்லாமல் வந்துவிட்டோம். அவள் விரல் கதவில் இருந்த பொத்தானை அழுத்தியது. கண்ணாடி இறங்கியது. குளிரும் ஆனை வாடையும் உள்ளே வந்தன.

பனிக்காலக் காலையில் கொழுந்துக்காட்டுக்குப் போகிற பெண்கள் ஒரு நொடி வாயை மூடாமல் பேசிக்கொண்டே போவார்கள். கதைக்காகப் பேசுகிற பேச்சில்லை அது. உள்ளே என்ன நின்றாலும் ஆள் வருவது அதற்குத் தெரிய வேண்டும். அந்தக் குரலைத்தான் முருகேஸ்வரி எடுத்தாள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. பக்கத்துப் பாத்தியில் நிற்கிறவளோடு பேசுகிற குரல்.

"நாங்கதான் சாமி. கீழ லயத்து ஆளுக. நான் முருகேஸ்வரி. இவுக என் வீட்டுக்காரரு. பழைய ஜீப்பு ஓட்டுனாகள்ல, அவுகதான். ஒனக்குத் தெரியுமே அந்தச் சத்தம். இது புது வண்டி சாமி, சத்தம் போடத் தெரியாது. சொல்லாம வந்தது எங்க தப்புதான். என் தம்பியும் இப்பிடித்தான் சொல்லாம வந்துட்டான். நீயா வேற எதுவுமா, எனக்குத் தெரியாது. அதக் கேக்க வரல. எம்புள்ள இருக்கு உள்ள. இந்தப் பையனப் பெத்தவ அடிமாலியில காத்துக்கிட்டு இருப்பா. வீட்டுல காப்பித் தண்ணிகூட வைக்கல. போயிரு சாமி. நாங்களும் போயிர்றோம்."

சொல்ல வேறு எதுவும் இல்லாமல் போனபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆனை நெற்றியை எடுத்தது. கிழிந்த காது ஒரு தடவை ஆடியது. பிறகு ரோட்டோரம் திரும்பித் தேயிலைக்காட்டுக்குள் இறங்கியது. செடிகள் ஒடிகிற சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. அவள் பேச்சுக்குத்தான் போனதா, அலுத்துப்போய்ப் போனதா, யாருக்குத் தெரியும்?

ஜின்சன் கதவைத் திறந்து வாந்தி எடுத்தான். ஈஸ்வரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"கால் தானாப் போச்சு முருகேசு. கிளச்சுன்னு நெனச்சேன். ஒங்களக் கொல்லப் பாத்தேனே."

அவள் பின்னாலிருந்து அவன் தலையில் கையை வைத்தாள்.

நசுங்கிய வண்டியை ஷோரூம்காரர்கள் வந்து இழுத்துப் போனார்கள், செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. பெரிய வண்டி வேண்டாம் என்று செல்வலட்சுமியே சொன்னாள். சின்னதுக்குத் தினசரி ஓட்டம் கிடைக்காது, இரண்டு பேராக வருகிறவர்களை மட்டும்தான் ஏற்றலாம். மேனேஜரிடம் அவளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். முருகேஸ்வரி இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி ஓட்டாத ஈஸ்வரனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சின்னத வாங்குங்க. அந்த வளைவுல திரும்பிக்கிரும்" என்றாள். "ஆனா நான் கூட இல்லாதப்போ சத்தத்துக்கு என்ன பண்ணுவீக?"

ஈஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சின்ன வண்டி முதல் ஓட்டம் போன அன்று சாயங்காலம் பனி முன்னாடியே இறங்கிவிட்டது. முருகேஸ்வரி பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் பற்றவைக்காமல் வாசலில் வந்து நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்க ஒன்றும் இல்லை. வரவேண்டிய நேரம் தாண்டியதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, ஜீப்போடு அவள் கடிகாரமும் போய்விட்டது. பனிக்குள் எங்கோ ஒரு கிளை ஒடிந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பாண்டி போன அன்றைக்கும் மலை இப்படித்தான் சத்தமே இல்லாமல் கிடந்தது.

அப்போது பாறை வளைவிலிருந்து ஒரு ஆள் குரல் வந்தது. பேசிப் பழகாத, கரகரத்த, மலையே கேட்கிற குரல்.

"பாண்டீ... நான்தாண்டா! மச்சான் வர்றேன்! சாமி, வழி விடு! ஈஸ்வரன் வர்றேன்! டேய் பாண்டி, ஒங்க அக்கா காப்பித் தண்ணி வச்சிருப்பாடா..."

முருகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.