பூட்டில்லாத கதவு

கொழும்பு ஒருகொடவத்தை வாகன யார்டில் வைத்துத் தயாபரன், துருவத்துக்குக் கப்பலேற இருந்த வண்டியின் கதவுப் பூட்டுகளை எல்லாம் கழற்றினான். உறைந்த துருவக் கடலின் பனி மேல் ஓடுகிற வண்டிக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும்; பனி உடைந்தால் வெளியே குதிக்க வேறு வழியில்லை. போன வருடம் அங்கே ஓட்டப் போன சாரங்கனுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் புறக்கோட்டை நெரிசலில் இருபது வருடம் வேன் ஓட்டியவனுக்கு, ஏறி இருந்ததும் பூட்டை அமுக்குவது கைப்பழக்கம். பனி உடைந்து மூழ்கிய வண்டியைக் கடலுக்குள் இருந்து தூக்கியபோது கதவு உள்பக்கமாகப் பூட்டிக் கிடந்தது.

இந்த முறை தயாபரனே பனியில் ஓட்டினான். சக்கரங்களுக்குக் கீழே பனி முனகியது. திறந்த கதவால் வந்த குளிரில் வலது காது மரத்துப்போனது. பக்கத்து சீட்டில் ஆளில்லை.

"அண்ணை, குளிருது. கதவைச் சாத்துங்கோவன்," என்றது சாரங்கனின் குரல்.

தயாபரனின் கை கதவுப்பக்கம் போய், பாதியில் நின்று, ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

"கொஞ்சம் பொறு தம்பி. கரைக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான்."

"எனக்கும் அவ்வளவுதான் கிடந்தது அண்ணை."

தயாபரன் கதவை முழங்காலால் இன்னும் அகலத் தள்ளிப் பிடித்தபடி, ஒரே வேகத்தில் ஓட்டினான்.