தொப்பியணிந்த எழுத்துகள்

பாலைநிலத்துப் புழுதியைச் சுமந்துவந்த வறண்ட காற்று, குமாசி நகரின் தகரக் கூரைகளையும் பல்கலைக்கழகத்து நெடுமரங்களையும் ஒரே வெண்மங்கலில் தோய்த்தெடுக்க, மாலைக் கதிரவன் தேய்ந்த செப்புக்காசுபோல் தொங்கிய வேளையில், எண்ணியல் பேராசிரியர் அடுசெய் என்பவர் கரும்பலகைமுன் நின்று தம் தேற்றத்தைத் தாமே வியந்துகொண்டிருந்தார்.

வியத்தற்குரியதே அது! விழாநாளில் பல்லக்கேறும் அந்நாட்டு அசாந்தி மன்னரைப்போல், ஒவ்வோர் எழுத்தும் தலையில் தொப்பியும் தோளில் முக்கோடும் காலில் அடியெண்ணும் பூண்டு, முப்பது பக்கம் பவனிவந்து, ஈற்றில் ஒரு சமக்குறியின் இருமருங்கும் வீற்றிருந்தது. மறுநாட் பேரவையில் அயல்நாட்டு அறிஞர்முன் இதனை அரங்கேற்றினால், துறைத் தலைமை அவருடையது. படித்த எவரும் பொருள் வினவாமையால், பிழையும் இல்லையென்றே அவர் தெளிந்திருந்தார்.

பக்கத்து அறையில் இயற்பியல் கற்பிக்கும் செர்வா, பொரித்த வாழைத்துண்டுகளை மென்றவாறே உள்ளே வந்தாள்.

"மூணு கோடு போட்டிருக்காரே, இவரு யாருண்ணே?"

"அது... நடுப்பக்கத்துல எங்கயோ சொல்லியிருக்கேம்மா."

"இந்தத் தொப்பிக்காரரு?"

"அவரும் அங்கதான் இருப்பாரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியவே வேணாம். நாங்க எதையும் ஒருதடவை அளந்து பாத்துட்டுத்தான் விடுவோம். ஒரு மூணு வச்சுப் பாருங்களேன்."

ஏளனப் புன்னகையோடு வைத்தார். தொப்பிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. இடப்பக்கம் மூன்று வந்தது. வலப்பக்கமும் மூன்றே வந்தது. விரைந்து ஏழு என்னும் எண்ணை வைத்தார், இருபுறமும் ஏழு. எந்த எண்ணும் தனக்குத் தானே சமம் என்பதையன்றி அம்முப்பது பக்கமும் வேறெதுவும் மொழியவில்லை.

"தேற்றத்துல தப்பே இல்லண்ணே. யாரு வந்தாலும் மறுக்க முடியாது!" என்றாள் செர்வா, இன்னொரு துண்டை எடுத்தபடி.

முதலில் அவருக்குச் சினம் மூண்டது. பின்னர், இதே வினா நாளை நிறைந்த அவையில் எழுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தார். தாமே பலகையை அழித்து, உரையாற்ற இயலாதென்று பேரவைக்குச் சொல்லியனுப்பினார்.

பெற்ற உதவிக்கு மறுநாள் விடியலிலும் சென்று நன்றி கூறுதல் அந்நாட்டு வழக்கம். ஆதலின் பொழுது புலருமுன் செர்வாவின் வாயிலில் நின்றார்.

"நேத்துக்கு நன்றிம்மா."

"ஐயோ, தலைமை போயிடுமேண்ணே?"

"போகட்டும். இன்னிக்குத் தலை நிமிந்து தெருவுல நடந்து வந்தேன்."

அவரைப் போற்றிய நாவுகள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றேனும் அவரைக் காத்ததில்லை. அறியாததை அறியேனெனக் கேட்ட அவ்வொரு குரலை மட்டும், அவர் வாழ்நாளெல்லாம் வணங்கியிருந்தார்.