திரும்ப எடுக்காத காணிக்கை

அண்ணனுக்குத் தெருவில் 'ஸ்தோத்திரம்' என்றுதான் பெயர். மழை வருமா என்று கேட்டாலும் ஸ்தோத்திரம், யாராவது காலை மிதித்தாலும் ஸ்தோத்திரம். உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவான்.

தங்கை பஸ் ஓட்டுகிறவள். ஓட்டியவள் என்று சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் நீண்ட விடுப்பில் இருந்தாள். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, ஸ்டீல் பெட்பேனை அடியில் வைத்து எடுத்துக் கழுவுவது, எல்லாம் அவள் ஒருத்திதான். டிப்போவிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை வண்டியை எடு, இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

சனிக்கிழமை அண்ணனிடம் பேசிப் பார்த்தாள்.

"பகல்ல மட்டும் அப்பாவ நீ பாத்துக்கோண்ணா. சாயங்காலம் நான் வந்துடுவேன்."

"நான் பீடத்துல வெச்ச ஆளும்மா. என்னை நானே திரும்ப எடுக்க முடியுமா?"

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. பீடத்தில் வைத்த ஆளாம்! மூன்று வேளையும் வந்து மூக்குமுட்டச் சாப்பிட மட்டும் பீடத்தை விட்டு இறங்கத் தெரிகிறது.

அவன் சொன்ன பீடக் கதை இதுதான். அவர்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அர்ப்பணிப்பு ஆராதனை நடக்கும். அன்று யாரும் பணம் போடமாட்டார்கள். அவரவர் தொழில் சாமானைப் பீடத்தில் வைத்து, "ஆண்டவரே, இதோட என்னையும் ஏத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும். போதகர் ஜெபித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பார், மறுநாள் அதே சாமானோடு வேலைக்குப் போகலாம். எலக்ட்ரீஷியனான அண்ணன் போன வருடம் தன் பையை வைத்தான். போதகர் திருப்பி நீட்டியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கொடுத்தத திரும்ப வாங்கறவன் நான் இல்ல" என்றான். சபையே எழுந்து கைதட்டியது. அன்றோடு வேலைக்கு முழுக்கு, அவன் ஆண்டவருக்கு முழுநேர ஊழியன். அவளும்தான் கைதட்டினாள்.

மறுநாள் இந்த வருடத்து அர்ப்பணிப்பு ஆராதனை. அப்பாவுக்குத் துணையாக எதிர்வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு கோயிலுக்குப் போனாள். தையல்காரி கத்தரிக்கோலை வைத்தாள். கொத்தனார் கரண்டியை வைத்தார். அண்ணன் மைக்கைப் பிடித்து, "உங்க சரீரத்தையே கொடுங்க, மிச்சம் வைக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவள் பையைத் திறந்து பெட்பேனை எடுத்து, கத்தரிக்கோலுக்கும் கரண்டிக்கும் நடுவில் ணங்கென்று வைத்தாள். பளபளவென்று தேய்த்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

மைக் அடங்கியது.

"என்னம்மா இது?" என்றார் போதகர்.

"என் தொழில் சாமான், ஐயா. ஆண்டவரே, இதோட என்னையும் ஏத்துக்கோங்க."

போதகர் நல்ல மனிதர். கொஞ்சம் தடுமாறினாலும் மற்றவற்றோடு அதன்மேலும் கைவைத்து ஜெபித்தார். பிறகு கத்தரிக்கோலைக் கொடுத்தார், கரண்டியைக் கொடுத்தார், பெட்பேனை அவளிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கொடுத்தத திரும்ப வாங்கறவ நான் இல்ல, ஐயா."

அண்ணன் மேடையிலிருந்து குதித்து வந்தான். "மானத்த வாங்காத. உனக்குள்ள பிசாசு பூந்திருக்கு. எதுவானாலும் வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல நீ எங்க இருக்க, பேசிக்க?"

"நான் என்னையே ஆண்டவருக்குக் கொடுத்தவன்!"

"கொடுத்தல்ல? வாங்கினவரு உன்ன எங்க வெச்சாருன்னு ஒரு நாளாவது கேட்டியா? அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சாரு. நீதான் அங்கிருந்து ஓடி ஓடி இங்க வந்து நிக்கிற!"

யாரும் கைதட்டவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"டிரைவரம்மா, அய்யா அவசரமா கேக்கறாரு. அந்தப் பாத்திரத்த எங்கடி வெச்ச?"

சபை மொத்தமும் போதகர் கையைப் பார்த்தது. வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். அவசரத்தில் இதை அவள் யோசிக்கவே இல்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார், படுக்கையை நனைத்துவிட்டால் வெட்கத்தில் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். அவள் கை தானாக முன்னால் வரப் பார்த்தது. பின்னால் இழுத்து, ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதுவும் கோபத்தில்தான்.

"அண்ணா, அப்பா கூப்பிடறாரு."

போதகர் திரும்பினார். பெட்பேனை அண்ணன் பக்கம் நீட்டினார்.

அவன் சபையைப் பார்த்தான். போன வருடம் எழுந்து நின்ற சபை இப்போது உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தான். அந்த வாயிலிருந்து ஒரு ஸ்தோத்திரம் வரவில்லை.

அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தாள். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளிருந்து அண்ணன் கத்தினான்.

"ஏய்! இவர எப்படித் தூக்கறது?"

அவள் உள்ளறைக்குப் போகவில்லை. "ஒரு கை இடுப்புக்கு அடியில. ஒரு கை முதுகுல. வலிக்குதான்னு கேட்டுட்டுத் தூக்கு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"வலிக்குதாப்பா?"

"மெதுவாடா" என்றார் அப்பா.

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. கொடியிலிருந்து காக்கிச் சட்டையை உருவி மேசையில் விரித்தாள். இஸ்திரிப் பெட்டி சூடானதும் காலரில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.